ட்ரொக்: முட்டை பொறுக்கும் டைனோசர் கேம் போட்டியா, கூட்டா?

கேட்டவர் எழுதியது: "பாலக்காடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் நாலு பையன்கள் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து ஆடிய டைனோசர் கேம் எது? ஒற்றைக் கண் குகை மனிதர்கள் துரத்துவார்கள். தரையெல்லாம் கலர் கலராக முட்டை கிடக்கும். அது முஸ்தபாதான் என்று என் தம்பி அடித்துச் சொல்கிறான். பாக்-மேனுக்கு டைனோசர் வேஷம் போட்டது, அதில் புதிதாக ஒன்றுமில்லை என்கிறான் அவன் நண்பன்."

மே 11, 2024

முஸ்தபா இல்லை. நாம் முஸ்தபா என்று கூப்பிட்டது காப்காம் 1993இல் கொண்டுவந்த காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். மூன்று பேர் வரை ஆடலாம். நாம் மனிதர்கள்தான், நடந்துகொண்டே ரவுடிகளை அடித்துத் துவைக்க வேண்டும். டைனோசர் நடுவில் வரும், போகும். நாமே டைனோசராக ஓட முடியாது.

நீங்கள் சொல்வது ட்ரொக். அமெரிக்காவின் சிகாகோவில் இருந்த மிட்வே நிறுவனம் 1990இல் காயின் மெஷினுக்காகச் செய்தது. ஒரே நேரத்தில் நாலு பேர் வரை ஆடலாம். ஆளுக்கு ஒரு டைனோசர், டைனோசருக்கு ஒரு நிறம். பாதைகளில் சிதறிக் கிடக்கும் முட்டைகளில் உங்கள் நிற முட்டைகளை மட்டும் தின்று முடித்து வீடு போய்ச் சேர வேண்டும். ட்ரொக் என்பது துரத்தும் அந்த ஒற்றைக் கண் ஆசாமிகளின் பெயர். அவர்களைக் குத்தித் தள்ளலாம். அன்னாசிப்பழம் கிடைத்துத் தின்றுவிட்டால் நம் குட்டி டைனோசர் கொஞ்ச நேரத்துக்குப் பெரிய டி-ரெக்ஸ் ஆகிவிடும். அப்புறம் ஓட வேண்டியது அவர்கள், விழுங்குவது நாம்.

மே 11, இரவு

பாக்-மேன் வேஷம் என்ற பேச்சுக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டும். அதை அப்படியே விட எனக்கு மனம் இல்லை.

மே 12

பாக்-மேன் 1980இல் ஜப்பானில் நாம்கோ செய்தது, வடிவமைத்தவர் டோரு இவாடானி. அதை அமெரிக்காவில் கொண்டுபோய் விற்றது இதே மிட்வே. அதனால் ட்ரொக்கைச் செய்தவர்களுக்குப் பாக்-மேன் வீட்டுப் பிள்ளை மாதிரி தெரிந்திருக்கும். பாதையில் ஓடு, கிடப்பதைத் தின்னு, துரத்துபவனிடம் மாட்டாதே, ஒரு பொருளைத் தின்றால் துரத்துபவனையே தின்னலாம். இந்த நாலும் அங்கிருந்து வந்தவைதான். அன்னாசிப்பழம் செய்கிற வேலையும் பாக்-மேனின் பெரிய உருண்டை செய்கிற வேலையும் ஒன்று. இவ்வளவு தூரம் அந்த நண்பர் சொல்வது சரி.

ஆனால் பாக்-மேன் உள்ளே எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு சுற்றில் தின்ன வேண்டிய சின்னப் புள்ளி 240, பெரியது 4. துரத்தும் பேய்கள் நாலு. சிவப்புப் பேய் நீங்கள் நிற்கும் கட்டத்தைக் குறிவைத்து வரும். இளஞ்சிவப்பு, நீங்கள் போகும் திசையில் நாலு கட்டம் முன்னால் குறிவைக்கும். நீலம் எங்கே போவது என்பதை உங்கள் இடத்தையும் சிவப்பின் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முடிவு செய்யும். ஆரஞ்சு உங்களைத் துரத்தும், எட்டுக் கட்டத்துக்குள் வந்துவிட்டால் தன் மூலைக்குத் திரும்பும். எல்லாம் விதி. பேய்கள் பயந்து ஓடும்போது குருட்டாம்போக்கில் திரும்புவது போலத் தெரியும், அந்தக் கணக்கும் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆகவே நீங்கள் அச்சு மாறாமல் அதே திருப்பங்களைத் திரும்பினால் பேய்களும் அச்சு மாறாமல் அதே இடத்துக்கு வரும். உலகம் முழுக்கப் பாக்-மேன் ஆடியவர்கள் வழியை மனப்பாடம் செய்து ஆடியது இதனால்தான்.

நாலு பேர் ஒரே பாதைக்குள் ஓடினால் இந்த மனப்பாடம் செல்லாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் இன்றைக்கு எப்படித் திரும்புவான் என்று எந்த விதியும் சொல்லாது. அவனுக்கே தெரியாது. அவன் வருவான் என்று நினைத்த சந்தில் வரமாட்டான், வரவே கூடாத சந்தில் மூன்று ட்ரொக்கை இழுத்துக்கொண்டு வந்து நிற்பான். பாக்-மேனில் நீங்கள் மெஷினைப் படிக்கிறீர்கள். ட்ரொக்கில் பக்கத்து ஆளைப் படிக்கிறீர்கள். இரண்டும் ஒரே கேம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

மே 14

எங்கே ஆடினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை. பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டினால் கேரளம், அப்புறம் கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். சித்தூர் தாலூகாவில் எங்களைப் போல வீட்டில் தமிழ் பேசுபவர்கள் நிறைய. பள்ளியும் தமிழ் மீடியம் உண்டு. சினிமா பார்க்கப் பொள்ளாச்சி, சர்க்கார் காரியத்துக்குப் பாலக்காடு என்று வளர்ந்தோம்.

ட்ரொக்கின் அசல் மெஷினை நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கக் கடைகளில் நின்றவை அடிதடி மெஷின்கள். எனக்கு ட்ரொக் கிடைத்தது மேம் வழியாக. பழைய காயின் மெஷின்களைக் கம்ப்யூட்டருக்குள் ஓட வைக்கும் மென்பொருள் அது. இத்தாலிக்காரர் நிக்கோலா சல்மோரியா 1997இல் தொடங்கி வைத்தார். அது சிடி சிடியாக ஊருக்குள் புழங்கியது. பிரவுசிங் சென்டர் சேட்டன் ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். நெட் இல்லாத நேரத்தில் அதைத்தான் திறந்துவிடுவார். நாலு பேர் சேர்ந்து ஆடினால் மணிக்கணக்கு வாடகையைப் பங்கு போடலாம் என்பதால் நாலு பேர் கேமாகத் தேடினோம். அப்படித்தான் ட்ரொக் மாட்டியது.

ஸ்டூல் இரண்டு, கீபோர்டு ஒன்று. அம்புக்குறி முதல் ஆளுக்கு. ஆர், டி, எஃப், ஜி இரண்டாவது ஆளுக்கு. ஐ, ஜே, கே, எல் மூன்றாவது ஆளுக்கு. வலது பக்க எண் விசைகள் நாலாவது ஆளுக்கு. மேம் தானாகவே இப்படித்தான் பிரித்துக் கொடுக்கும். எட்டுக் கை ஒரு கீபோர்டு மேல் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முழங்கை இடிபடாமல் ஒரு ஆட்டம் முடிந்ததாக நினைவில்லை.

மே 14, கொஞ்ச நேரம் கழித்து

கீபோர்டு பற்றி இன்னும் சொல்லணும். நிறைய நட்பு இதில்தான் முறிந்து ஒட்டியது.

"நான் அமுக்கினேன், டைனோசர் திரும்பவே இல்லை" என்று ஒருவன் கத்துவான். பொய் சொல்றான் என்று மற்ற மூவரும் சேர்ந்து அடக்குவோம். அவன் சொன்னது உண்மை. சாதாரண கீபோர்டில் விசைக்கு ஒரு கம்பி என்று கிடையாது. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக வரிசைகள் ஓடுகின்றன, ஒரு விசை இரண்டு வரிசை சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளைச் சேர்த்து அமுக்கினால் நாலாவது மூலையும் அமுங்கியது போல மின்சாரம் சுற்றி வந்துவிடும். ஒவ்வொரு விசைக்கும் மின்சாரத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் டையோடு வைத்தால் இது நடக்காது, ஆனால் விலை ஏறும். அதனால் மலிவான கீபோர்டுகள் குழப்பமான மூன்றாவது விசையைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடும். நாலு பேர், நாலு திசை, கூடவே குத்து. ஒரே கணத்தில் ஏழெட்டு விசை அமுங்கும். யாரோ ஒருவனுடைய விசை தொலைந்தே ஆக வேண்டும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் விசைகளைப் பெரும்பாலும் தனி வரிசையில் வைப்பார்கள், மற்ற விசையோடு சேர்த்துத்தானே அவற்றை அமுக்குகிறோம். முதல் ஆளின் குத்து இடது கண்ட்ரோலில். அது தப்பவே தப்பாது. இரண்டாவது ஆளின் குத்து ஏ விசையில், கூட்டத்துக்கு நடுவில். அம்புக்குறி சீட்டுக்கு எங்களுக்குள் அவ்வளவு அடிதடி நடந்ததற்கு இது போதுமான காரணம். அப்போது யாருக்கும் விளக்கம் தெரியாது. அங்கே உட்கார்ந்தால் ஜெயிக்கிறோம் என்று மட்டும் தெரியும்.

மே 15

ஒருவர் கேட்டது: "படம் ஏன் பொம்மை மாதிரி உருண்டையாக இருக்கிறது?" களிமண் உருவங்களைச் செய்து, அசைத்து அசைத்துப் பிடித்து, அதைக் கணினிப் படமாக மாற்றியிருக்கிறார்கள். விரலால் பிசைந்த மண்ணின் மழமழப்பு திரையில் அப்படியே தெரியும். ஒளி விழும் இடம், நிழல், நடக்கும்போது வயிறு ஆடுவது எல்லாம் வரைந்த படத்தில் அந்தக் காலத்தில் வந்திருக்காது.

அதை இயக்கிய பலகையை மிட்வே ஒய்-யூனிட் என்பார்கள். மூளை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் செய்த டிஎம்எஸ் 34010. படம் நகர்த்துவதற்கென்றே தனிக் கட்டளைகள் உள்ள 32 பிட் சில்லு, நினைவகத்தை ஒவ்வொரு பிட்டாகவே தொட்டு எடுக்கும். இதே குடும்பப் பலகையில்தான் ஸ்மாஷ் டிவி என்ற சுடும் கேமும், 1992இல் முதல் மார்ட்டல் காம்பாட் என்ற சண்டை கேமும் ஓடின. மார்ட்டல் காம்பாட்டில் நடிகர்களைப் படம் பிடித்தார்கள். அதில் வரும் நாலு கை அரக்கன் கோரோ மட்டும் களிமண் பொம்மை. ட்ரொக்கின் டைனோசர்களுக்கும் கோரோவுக்கும் இப்படி ஒரு சொந்தம் இருக்கிறது. மார்ட்டல் காம்பாட்டை உலகமே கொண்டாடுகிறது, ட்ரொக்கை யாரும் பேசுவதில்லை. எனக்கு இது நிஜமாகவே வருத்தம்.

மே 19

இப்போது தலைப்புக் கேள்விக்கு வருகிறேன். போட்டியா, கூட்டா?

இங்கே எழுதும் பொள்ளாச்சி நண்பர் ஒருவர் போட்டிதான் என்கிறார். நாலு பேரும் தனித்தனி நிறம், தனித்தனி மதிப்பெண், யாருக்கும் யாரும் உதவ வேண்டியதில்லை என்பது அவர் வாதம். நான் அந்தத் தனித்தனி நிறத்தை வேறு மாதிரிப் பார்க்கிறேன். முட்டைகள் பொதுவாக இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே வேகமான ஒருவன் எல்லாவற்றையும் அள்ளியிருப்பான். சின்னப் பையன்கள் எழுந்து போயிருப்பார்கள். என் நிறம் எனக்கு மட்டும் என்று இருப்பதால் எவ்வளவு மெதுவாக ஆடினாலும் என் பங்கு எனக்காகக் கிடக்கிறது. யாரும் திருட முடியாது. தாயத்தில் அவரவர் காய் அவரவருக்கு இருப்பது போல. காயைக் கொண்டுபோய்ப் பழமாக்குவது என் வேலை, நடுவில் வெட்டுப்படாமல் இருக்க மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து வயதுக்காரனும் கல்லூரி அண்ணனும் ஒரே ஆட்டத்தில் உட்கார முடிந்தது இந்த ஒரு விதியால்.

ஆபத்து மட்டும் பொது. ட்ரொக்குகள் எல்லோருக்கும் ஒரே ட்ரொக்குகள். எனக்குப் பின்னால் வரும் ட்ரொக், நான் சட்டென்று திரும்பினால் உனக்கு முன்னால் நிற்கிறான். "டேய் மேலே வராதே" என்று நான் கத்துவது உதவியா, ஏமாற்றா என்று கேட்பவன் அரை நொடியில் முடிவு செய்ய வேண்டும். எங்களில் ஒருவன் உண்மையை மட்டுமே கத்துவான். அவன் குரல் கேட்டால் நாங்கள் யோசிக்காமல் திரும்பிவிடுவோம். இன்னொருவன் சொன்னால் நேர் எதிராகப் போவோம். இதெல்லாம் எந்த விதியிலும் எழுதியில்லை.

அன்னாசிப்பழம் இதில் பெரிய விஷயம். அதை யார் தின்றாலும் ட்ரொக்குகளை விழுங்கப் போகிறார்கள், அதனால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனாலும் அதற்காக அடித்துக்கொண்டோம். விழுங்கும் சந்தோஷம் ஒருவனுக்குத்தானே.

மே 20

பொள்ளாச்சி நண்பர் கேட்கிறார், கூட்டு என்றால் யார் ஜெயித்தது என்று ஏன் கத்தினீர்கள் என்று. கத்தினோம். அடுத்த ஆட்டத்துக்கும் அதே நாலு பேராக உட்கார்ந்தோம்.

மே 26

நேற்று தனியாக ஆடிப் பார்த்தேன். அப்போது மேலே எழுதியதை இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டும் என்று தோன்றியது. தனியாக ஆடும்போது ட்ரொக் அவ்வளவு பெரிய கேம் இல்லை. பாதைகள் சின்னவை, சூட்சுமம் குறைவு. பாக்-மேன் தனியாளுக்கு இதைவிட எவ்வளவோ ஆழம். பாக்-மேன் வேஷம் என்ற தம்பியின் நண்பர் ஒருவேளை தனியாக மட்டும் ஆடியிருப்பார். அப்படியென்றால் அவருக்குப் பாக்-மேன் வேஷமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. இந்த விளையாட்டை எடைபோட நாலு ஆள் தேவை. மூன்று பேர் என்றால்கூட ஒரு மூலை காலியாக இருக்கும், அங்கே ஓடித் தப்பித்துவிடலாம். நாலாவது ஆள் வந்தால்தான் ஒளிய இடமில்லாமல் போகிறது.

டிவி கேம் கேசட்டிலும் ட்ரொக் உண்டே என்று ஒருவர். உண்டு, நிண்டெண்டோ டிவி கேம் பெட்டிக்கு அக்ளெய்ம் என்ற நிறுவனம் வெளியிட்டது. ஆனால் அதில் இரண்டு பேர்தான். களிமண் அழகும் அதில் வராது.

ஜூன் 2

மறையூரிலிருந்து ஒருவர் எழுதியது நன்றாக இருந்தது. உடுமலை மூணாறு ரோட்டில் மறையூர் பக்கம் பாறை மேல் நிற்கும் முனியறைகளைக் காட்டி, ட்ரொக் குடியிருக்கும் வீடு இதுதான் என்று சின்ன வயதில் நம்பினாராம். முனியறைகள் வீடுகள் இல்லை. இறந்தவர்களுக்காகப் பலகைக் கல் நிறுத்தி எழுப்பிய பெருங்கற்காலச் சின்னங்கள். குகை மனிதன் காலத்துக்கு வெகுவாகப் பிந்தியவை. நம்பியதற்காக அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்தக் கற்களைப் பார்த்தால் எனக்கும் உள்ளே யாரோ ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருப்பதாகத்தான் படும்.

டைனோசரையும் குகை மனிதனையும் ஒன்றாக ஓடவிட்டது தப்பு என்று ஒரு ஆசிரியர் எழுதியிருக்கிறார். உண்மைதான். பறவைகளாகத் தொடர்ந்தவை தவிர மற்ற டைனோசர்கள் அழிந்தது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். நம் பக்கம் மனித மூதாதையரின் கற்கருவி கிடைத்த மிகப் பழைய இடமான சென்னை அருகே அத்திரம்பாக்கம், சுமார் 15 லட்சம் ஆண்டு. நடுவில் இருப்பது நினைக்கவே முடியாத இடைவெளி. ஆனால் பிள்ளைகள் இந்தக் கேமால் கெட்டுப்போவார்கள் என்பதை ஏற்கமாட்டேன். இந்த முட்டைகளைப் பொறுக்கிய பிறகுதான் எனக்கு நிஜ முட்டைகள் மேல் ஆசை வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் டைனோசர் எலும்பு ஏன் கிடைக்கவில்லை என்று அப்போது தேடிப் படித்தேன். பாலக்காட்டுக் கணவாயைச் சுற்றி இருப்பது டைனோசர்கள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே, பூமிக்கு ஆழத்தில் வெந்து இறுகிய பாறை. அதற்குள் எலும்பு இருக்க வழியில்லை. அரியலூர்ப் பக்கம் டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியக் காலத்தில் கடல் இருந்தது, படிவுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன, அதனால் அங்கே கடல் உயிர்களின் புதைபடிவங்கள் ஏராளம். முட்டைக்கு நர்மதைப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகள், 256 முட்டைகள் கிடைத்ததாக 2023 ஜனவரியில் ஆய்வுக்கட்டுரை வந்தது. டைட்டனோசர் என்ற நீள்கழுத்துத் தாவர உண்ணிகளின் முட்டைகள். பாக்-மேன் 256ஆவது சுற்றில்தான் பாதித் திரை குப்பையாகி நின்றுபோகும். அந்த எண்ணைப் பேப்பரில் பார்த்ததும் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், வீட்டில் யாருக்கும் காரணம் புரியவில்லை.

ஜூன் 3

கேமை இறக்கிக்கொள்ள லிங்க் கேட்காதீர்கள். மிட்வே 2009இல் திவாலாகி அதன் சொத்தில் பெரும்பகுதி வார்னர் பிரதர்ஸ் கைக்குப் போனது. உரிமை இன்னும் ஒருவரிடம் இருக்கிறது. விற்பனைக்கு வந்தால் முதல் ஆளாக நான் காசு கொடுப்பேன்.

ஜூன் 9

இன்றைக்கு எப்படி ஆடுவது என்று கேட்டவருக்கு. ஒரே கீபோர்டில் வேண்டாம், மேலே சொன்ன தொல்லை எல்லாம் அப்படியே வரும். யுஎஸ்பி கீபோர்டு என்றால் இன்னொரு தடையும் உண்டு, பல கீபோர்டுகள் கண்ட்ரோல் வகை விசைகள் போக ஆறு விசைக்கு மேல் சேர்த்துச் சொல்லாது. நாலு மலிவான யுஎஸ்பி கேம்பேட் போதும். ட்ரொக்குக்குத் திசையும் ஒரு பட்டனும்தான் முக்கியம், விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை. மேமில் டேப் விசையை அமுக்கினால் மெனு வரும், அங்கே ஆளுக்கு ஒரு கேம்பேடை ஒதுக்கலாம். காயின் போட 5, 6, 7, 8. ஆட்டம் தொடங்க 1, 2, 3, 4.

அக்கா பையன் இரண்டு பேரை உட்கார வைத்து ஆடுகிறேன். முதல் நாள் அவர்களுக்கு அலுப்பாக இருந்தது. போனில் இதைவிட ஆயிரம் கேம் இருக்கு மாமா என்றான் பெரியவன். அப்புறம் சின்னவன் ஒரு ட்ரொக்கை நேராக அண்ணன் மேல் இழுத்து விட்டான், வேண்டுமென்றே. அதற்கப்புறம் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை.

இப்போது மூன்று பேர்தான் இருக்கிறோம், ஒரு மூலை காலி. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் யாராவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வர முடியுமானால் சொல்லுங்கள். கேம்பேட் நான் வைத்திருக்கிறேன். பெரியவன் சிவப்பை யாருக்கும் தரமாட்டான், மற்ற நிறத்தில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.